புள்ளிகள் பெருகினால் நிலம் துல்லியமாகுமா?

கட்டட வடிவமைப்பு மென்பொருளில் ஒரு சுவரை வரைந்தால் அதன் நீளம் மில்லிமீட்டர் வரை சரியாக இருக்கும். அதில் வியப்பில்லை. அந்தச் சுவர் இன்னும் உலகத்தில் இல்லை. வரைபவர் சொல்வதுதான் அதன் அளவு. அது நிற்கப்போகும் நிலத்தின் கதை வேறு. நிலம் ஏற்கெனவே இருக்கிறது, அதை அளக்கத்தான் முடியும். அளந்ததில் பிழை இருக்கும். அளக்காமல் விட்ட இடங்களை மென்பொருள் ஊகித்து நிரப்பியிருக்கும். ஆனால் திரையில் சுவரும் நிலமும் ஒரே தெளிவோடு தெரிகின்றன. சுவரைத் தொட்டால் மூன்று தசம இடங்கள், நிலத்தைத் தொட்டாலும் அதே மூன்று தசம இடங்கள். முன்னது உண்மை, பின்னது பெரும்பாலும் பாவனை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நிலப்பரப்பை இறக்கி, அதன்மேல் அஸ்திவார மட்டத்தைத் திட்டமிடுகிறார்கள். வேறு சிலர் ட்ரோன் தந்த பல லட்சம் புள்ளிகளை அப்படியே உள்ளே கொட்டுகிறார்கள். கணினி திணறினால், துல்லியம் வேண்டுமென்றால் வேகத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சமாதானம் தவறு. நில மாதிரியில் துல்லியத்துக்கும் வேகத்துக்கும் அடிப்படையில் பகை கிடையாது. எந்தப் புள்ளி எங்கே எடுக்கப்பட்டது, எந்த மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது என்பவைதான் துல்லியத்தை முடிவுசெய்கின்றன. அவற்றைச் சரியாகச் செய்தால் மாதிரி தானாகவே இலேசாகிவிடும்.

நிலத்தின் வடிவத்தைச் சில எண்களுக்குள் அடக்கும் முயற்சி கணினியைவிட மூத்தது. 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் நெவில் மாஸ்கலின் ஒரு சோதனை செய்தார். மலையின் ஈர்ப்பு தூக்குக்குண்டைப் பக்கவாட்டில் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தால் பூமியின் அடர்த்தியைக் கணக்கிடலாம் என்பது திட்டம். அதற்கு மலையின் கன அளவு தெரிந்தாக வேண்டும். அந்தக் கணக்கை ஏற்ற கணிதர் சார்லஸ் ஹட்டன், சரிவெங்கும் சிதறிக் கிடந்த உயர அளவுகளில் ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்தார். இன்று காண்டூர் என்று நாம் சொல்லும் சமஉயரக் கோடுகளின் தொடக்ககாலப் பயன்பாடுகளில் அது ஒன்று. 1958இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சார்லஸ் மில்லரும் லாஃப்ளேமும் நெடுஞ்சாலை வடிவமைப்புக்காக இலக்கமுறை நில மாதிரி என்ற கருத்தை முன்வைத்தார்கள். 1970களில் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பாய்க்கரின் குழு, ஒழுங்கின்றிச் சிதறிய புள்ளிகளை முக்கோணங்களால் இணைத்து நிலத்தைக் காட்டும் முறையை வளர்த்தெடுத்தது. இன்றைய கட்டட மென்பொருள்களின் நிலப்பரப்புக் கருவிகள் பெரும்பாலும் அந்த முறையின் வாரிசுகளே. அந்தக் காலத்துக் கணினிகளின் நினைவகம் மிகச் சிறியது. ஆகவே எவ்வளவு குறைந்த புள்ளிகளில் இந்த நிலத்தைச் சொல்லிவிடலாம் என்று அவர்கள் யோசித்தாக வேண்டியிருந்தது. நினைவகம் மலிந்ததும் அந்தக் கேள்வி மறந்துபோனது. நிலத்தின் குணத்தைப் பற்றிய அறிவு அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

முக்கோண வலை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். அளந்த ஒவ்வொரு புள்ளிக்கும் கிழக்கு, வடக்கு, உயரம் என்று மூன்று எண்கள் உண்டு. மென்பொருள் அண்டைப் புள்ளிகளை மூன்று மூன்றாக இணைத்து முக்கோணங்களை உண்டாக்குகிறது. எந்த மூன்றை இணைப்பது என்பதற்கு ரஷ்யக் கணிதர் போரிஸ் டெலோனே 1934இல் ஒரு விதி தந்தார்: ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாக வட்டம் வரைந்தால், அந்த வட்டத்துக்குள் வேறெந்தப் புள்ளியும் இருக்கக் கூடாது. இந்த விதியைப் பின்பற்றினால் ஊசிபோல் ஒடுங்கிய முக்கோணங்கள் இயன்றவரை தவிர்க்கப்படும். புள்ளிகளைப்போல் ஏறத்தாழ இருமடங்கு முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் நிலம் சமதளமான பலகை என்றே கணினி எடுத்துக்கொள்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஓடினாலும், அதன் அடியிலும் கரையிலும் புள்ளி எடுக்காவிட்டால் அந்த வாய்க்கால் மாதிரியில் இல்லை. டெலோனேயின் விதிக்கு வட்டங்கள் தெரியும், வாய்க்கால்கள் தெரியாது. எந்த ஓரத்தின் வழியாக முக்கோணத்தின் விளிம்பு செல்ல வேண்டும் என்பதை மனிதர்தான் முறிகோடாக வரைந்து சொல்ல வேண்டும்.

சீராக வளையும் சரிவில், நேர்கோட்டு ஊகத்தின் பிழை புள்ளிகளின் இடைவெளியுடைய வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை கால்வாசியாகும். புள்ளிகளும் நான்கு மடங்காகும் என்றாலும், கொடுத்த விலைக்கு ஏதோ கிடைக்கிறது. ஆனால் அளவைக் கருவிக்கே 3, 4 சென்டிமீட்டர் பிழை உண்டென்றால், ஊகப் பிழை அதற்குக் கீழே இறங்கியபின் சேர்க்கும் புள்ளிகள் நிலத்தைப் பதிவதில்லை. கருவியின் நடுக்கத்தையே பதிகின்றன. நிலம் திடீரென முறியும் இடத்திலோ கணக்கு இன்னும் மோசம். சரிவான ஒரு ஹெக்டேர் மனையில் 1.5 மீட்டர் உயரமுள்ள தடுப்புச் சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் கட்டத்தில் அளந்தால் ஏறத்தாழ 100 புள்ளிகள். சுவர் 10 மீட்டர் அகலச் சாய்தளமாகத் தெரியும். 1 மீட்டர் கட்டத்தில் 10,000 புள்ளிகள். சுவர் 1 மீட்டர் சாய்தளமாகும். 10 சென்டிமீட்டர் கட்டத்தில் 10 லட்சம் புள்ளிகள்; அப்போதும் அது சாய்தளம்தான். புள்ளிகள் பத்தாயிரம் மடங்கு பெருகியும் சுவரையொட்டிய இடத்தில் அதிகபட்ச உயரப் பிழை முக்கால் மீட்டருக்குக் கீழே இறங்காது, பிழை விழும் பட்டை மட்டும் ஒடுங்கும். மாறாக, சுவரின் தலையில் ஒரு முறிகோடு, அடியில் ஒரு முறிகோடு, இரண்டுக்கும் சேர்த்து சில பத்துப் புள்ளிகள் போட்டால் சுவர் சுவராகவே நிற்கும். இங்கே குறைந்த புள்ளிகள் கொண்ட மாதிரி வேகமானது மட்டுமல்ல, கூடுதல் சரியானதும்கூட.

இதே காரணத்தால்தான் காண்டூர் கோடுகளிலிருந்து நிலப்பரப்பு செய்வதில் ஒரு வலை இருக்கிறது. காண்டூர் என்பது அளந்த தரவு அன்று. அளந்த புள்ளிகளிலிருந்து வரையப்பட்ட படம். அதை மறுபடி மாதிரியாக மாற்றும்போது கோட்டின் நெடுகிலும் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. வளைவு அழகாக இருக்கட்டும் என்று வரைபவர் கோட்டை வழுவழுப்பாக்கியிருந்தால், ஒரே கோட்டில் ஆயிரக்கணக்கான முனைகள் சேர்ந்துவிடும். கோடு வளைந்து திரும்பும் மேட்டு முகட்டிலும் ஓடை மடுவிலும், முக்கோணத்தின் மூன்று முனைகளும் ஒரே கோட்டில் அமைந்துவிடும். மூன்றுக்கும் உயரம் ஒன்றே என்பதால் அந்த முக்கோணம் தட்டையாகிவிடும். விளைவு: முகடு வெட்டிய மொட்டையாகத் தெரியும், ஓடை படிப்படியாக இறங்கும். இவை நீர் எப்படிப் பிரிகிறது, எங்கே சேர்கிறது என்பதைத் தீர்மானிக்கும் இடங்கள். அமெரிக்காவின் 1947ஆம் ஆண்டு தேசிய வரைபடத் துல்லியத் தரம், சோதித்த புள்ளிகளில் 90 சதவீதம் காண்டூர் இடைவெளியின் பாதிக்குள் சரியாக இருந்தால் போதும் என்றது. அதன்படி 1 மீட்டர் காண்டூர் படத்தில் அரை மீட்டர் தவறு இருக்கலாம், பத்தில் ஒரு புள்ளியில் அதற்கு மேலும் இருக்கலாம். அந்தப் படத்திலிருந்து செய்த மாதிரியில் படிக்கட்டின் கடைசிப் படி தரையைத் தொடுகிறதா என்று பார்ப்பது வீண் வேலை.

இலவசச் செயற்கைக்கோள் தரவு இதைவிட ஒரு படி தள்ளி நிற்கிறது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து, வட அட்சம் 60 பாகைக்கும் தென் அட்சம் 56 பாகைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பை ரேடாரால் அளந்தது. எஸ்ஆர்டிஎம் எனப்படும் அந்தத் தரவுக்கு வகுத்த உயரத் துல்லிய இலக்கு, 90 சதவீத நம்பகத்தில் 16 மீட்டர். நடைமுறையில் அதைவிட நன்றாகவே அமைந்தது என்றாலும், 16 மீட்டர் என்பது ஐந்து மாடி உயரம். அதன் கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர். ஒரு கட்டத்தின் பரப்பு 900 சதுர மீட்டர், நம் கணக்கில் 22 சென்ட். 5 சென்ட் மனை ஒன்றுக்கு அதில் முழுதாக ஓர் எண்கூடக் கிடையாது. மனைக்குள் தெரியும் சரிவு முழுவதும் அண்டைக் கட்டங்களை இணைத்துக் கணினி ஊகித்ததே. 2005இல் இஸ்ரோ ஏவிய கார்ட்டோசாட்-1 இரட்டைக் கேமராவால் எடுத்த படங்களிலிருந்து உருவாக்கிய கார்ட்டோடெம் தரவும் புவன் இணையதளத்தில் 30 மீட்டர் கட்டத்தில் கிடைக்கிறது. நீர்ப்பிடிப்புப் பகுதியை வரைய, தொலைவுக் குன்றின் நிழல் கட்டடத்தின்மேல் எப்போது விழும் என்று பார்க்க, பின்னணிக் காட்சி தர இவை மிக நல்லவை. அஸ்திவாரத்துக்கு இவை பிறக்கவில்லை. மேலும் ரேடாரும் கேமராவும் பார்ப்பது மரத்தின் தலையையும் கூரையையும், மண்ணை அன்று. ட்ரோன் ஒளிப்படங்களுக்கும் இதே குறை உண்டு. லேசர் துடிப்புகளை அனுப்பும் லைடார், இலைகளின் இடுக்கு வழியாகச் சில துடிப்புகளையாவது தரை வரை இறக்கிவிடும் என்பதால்தான் காட்டுப் பகுதிகளில் அதற்கு மதிப்பு.

அடுத்த பிழை, எங்கிருந்து அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் கருவிகள் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து சொல்வதில்லை. பூமியின் வடிவமாகக் கணிதம் வகுத்த ஒரு நீள்கோளத்தின் பரப்பிலிருந்து சொல்கின்றன. உண்மையான கடல்மட்டம் ஈர்ப்பு விசையின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப அந்தப் பரப்பிலிருந்து உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கும். உலகிலேயே அது மிக அதிகமாகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே தாழ்வு ஏறத்தாழ 106 மீட்டர். அந்தப் பள்ளத்தின் ஓரச்சரிவில்தான் தமிழகமும் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் நிற்கும் ஒருவரின் கருவி, திருத்தம் செய்யாவிட்டால், அவர் 80 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் நிற்பதாகக் காட்டும். இவ்வளவு பெரிய தவறு கண்ணில் பட்டுவிடும், திருத்தியும் விடுவார்கள். ஆபத்து சிறிய குழப்பங்களில். மனையில் ஏதாவதொரு திண்ணை மூலையையோ மைல்கல்லையோ 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டு அளப்பது சர்வேயர்களிடையே வழக்கம். மனைக்குள் கட்டடம் எழுப்ப அதுவே போதும். ஆனால் தெருச் சாக்கடையின் மட்டமோ வெள்ள மட்டமோ கடல்மட்டக் கணக்கில் வேறொரு கோப்பிலிருந்து வரும்போது, இரண்டையும் இணைக்கும் ஒரு பொதுப் புள்ளி இல்லையென்றால் இரண்டு துல்லியமான தரவுகள் சேர்ந்து ஒரு பொய்யான மாதிரியைத் தரும். எத்தனை லட்சம் புள்ளிகள் சேர்த்தாலும் இந்தப் பிழை ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது.

கணினியின் எண்கணிதத்துக்குள்ளும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பலரும் மென்பொருளின் வேகக் குறைவு என்று நினைப்பது சில நேரம் இதுதான். யுடிஎம் என்ற வரைபட முறையில் சென்னையின் வடக்கு அளவு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 14 லட்சத்து 46 ஆயிரம் மீட்டர். திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் அட்டைகள் பெரும்பாலும் 32 பிட் எண்களைக் கையாளுகின்றன. அவற்றில் ஏழு இலக்கங்கள்தான் நம்பகமாக அடங்கும். இந்த அளவுள்ள எண்களில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி 12.5 சென்டிமீட்டர். அதாவது சுவரின் விளிம்பு, ஜன்னலின் சட்டம் எல்லாம் 12.5 சென்டிமீட்டர் படிகளில் குதிக்கும். கோடுகள் நடுங்கும், பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று மின்னும். 64 பிட் எண்களில் அதே இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆகவே மென்பொருள் உள்ளே சரியாகக் கணக்கிட்டாலும் திரையில் கோணலாகக் காட்டும் நிலை வருகிறது. ரெவிட் மென்பொருளில் வடிவங்களை உள் ஆதிப்புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்குள், அதாவது 10 மைலுக்குள், வைத்துக்கொள்ளும்படி அதன் தயாரிப்பாளரான ஆட்டோடெஸ்க் சொல்வதன் பின்னணியும் இத்தகைய சிக்கல்தான். தீர்வு எளியது: மனைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியை ஆதியாக வைத்து, பெரிய எண்ணை ஒரே இடத்தில் தனியாக எழுதிவைத்துவிட்டு, மற்றவற்றைச் சிறிய எண்களில் வரைவது. ஒரு புள்ளியையும் கூட்டாமல் குறைக்காமல் துல்லியமும் தோற்றமும் ஒருசேரச் சீராகும்.

இவ்வளவு நுணுக்கம் நடைமுறைக்கு வேண்டுமா என்றால், மண் வேலையின் கணக்கு பதில் சொல்லும். ஓர் ஏக்கர் மனையை மட்டப்படுத்த 1,000 புள்ளிகள் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் மேலோ கீழோ 5 சென்டிமீட்டர் அளவுக்கு, ஒன்றையொன்று சாராத தற்செயல் பிழை. இவை கூட்டலில் ஒன்றையொன்று பெருமளவு அடித்துவிடும். சராசரிப் பிழை 2 மில்லிமீட்டருக்கும் கீழே, கன அளவில் ஏறத்தாழ 2 யூனிட் மண். இப்போது அதே 5 சென்டிமீட்டர் எல்லாப் புள்ளிகளிலும் ஒரே பக்கமாக இருந்தால், உதாரணமாகப் பிரிஸம் தாங்கிய கம்பத்தின் உயரத்தைக் கருவியில் தவறாகப் பதிந்திருந்தால், பிழை ஏறத்தாழ 71 யூனிட். நீலகிரியில் ஓர் ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை ட்ரோனால் படமெடுத்து, 70 சென்டிமீட்டர் உயரச் செடிப் பரப்பையே தரை என்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 1,000 யூனிட் மண் காகிதத்தில் பிறந்துவிடும். முதல் வகைப் பிழை புள்ளிகளைக் கூட்டினால் குறையும். மற்ற இரண்டும் புள்ளிகளைக் கோடியாக்கினாலும் அசையாது. பணத்தைக் கரைப்பவை அந்த இரண்டுதான்.

சமவெளியில் உயரம் பெரிதாக மாறாது, ஆகவே மாதிரியே வேண்டாம் என்று நினைப்பதும் சரியல்ல. 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவில் 100 மீட்டர் தூரத்துக்கு நிலம் இறங்குவது வெறும் 10 சென்டிமீட்டர். அளவையில் 5 சென்டிமீட்டர் நடுக்கம் இருந்தால் நீர் ஓடும் திசையே தலைகீழாகலாம். அடர்ந்த புள்ளித்திரளிலிருந்து செய்த மாதிரியில் இந்த நடுக்கம் நூற்றுக்கணக்கான பொய்க் குழிகளாகத் தெரியும். வடிகால் கணிக்கும் மென்பொருள் ஒவ்வொன்றிலும் நீரைத் தேக்கிவைக்கும். அவற்றை நிரப்பித் தட்டையாக்குவதே கணிப்பின் முதல் வேலையாகிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னையில், சாலைகளைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் வீட்டு வாசல்கள் தெருவுக்குக் கீழே போன நகரத்தில், 10 சென்டிமீட்டர் என்பது தண்ணீர் வெளியே நிற்குமா உள்ளே வருமா என்ற வேறுபாடு. இங்கே தேவை அடர்த்தியான பரப்பு அன்று. தெருவின் நடுமுகடு, சாக்கடையின் அடிமட்டம், மனையின் நான்கு மூலைகள், அண்டை வீட்டுத் தளம் ஆகியவற்றை ஒரே பென்ச்மார்க்கிலிருந்து, அதாவது உயரம் தெரிந்த ஒரே அடையாளப் புள்ளியிலிருந்து, ஆட்டோ லெவல் கருவியால் கவனமாக எடுத்த இருபது முப்பது புள்ளிகள் போதும்.

இனி வேகத்துக்கு வருவோம். திரை விளையாட்டுகளில் கோடிக்கணக்கான முக்கோணங்களாலான மலைகள் தடையின்றி ஓடுகின்றனவே, கட்டட மென்பொருளுக்கு மட்டும் சில லட்சத்திலேயே மூச்சு வாங்குவது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. விளையாட்டு, நிலத்தைக் காட்டினால் போதும். தொலைவில் இருப்பதைச் சொரசொரப்பாக வரைந்து ஏமாற்றலாம். கட்டட மென்பொருள் நிலத்தோடு கணக்குப் போட வேண்டும். குறுக்குவெட்டுத் தோற்றம் கேட்டால் வெட்டும் தளம் ஒவ்வொரு முக்கோணத்தையும் எங்கே சந்திக்கிறது என்று கண்டறிய வேண்டும். மறைந்த கோடுகளை நீக்க வேண்டும். தரைகீழ்த் தளத்துக்குக் குழி வெட்டினால் திடப்பொருளிலிருந்து திடப்பொருளைக் கழித்து, எஞ்சியதன் கன அளவைச் சொல்ல வேண்டும். ரெவிட் 2024 பதிப்பிலிருந்து நிலம் தடிமனற்ற வெறும் பரப்பாக இல்லாமல் திடப்பொருளாகவே வருகிறது. செங்குத்தாக வெட்டவும் மண்ணடுக்குகளைக் காட்டவும் இது வசதி; ஆனால் ஒவ்வொரு முக்கோணமும் கழித்தல் கணக்கில் பங்கேற்கும் ஒரு முகமாகிவிடுகிறது. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் புள்ளிகளும் ஊசி முக்கோணங்களும் இந்தக் கணக்கைத் தாமதப்படுத்துவதோடு நிற்காமல் சில நேரம் தோற்கடித்தும் விடுகின்றன. விடையே வராது, அல்லது ஓட்டையோடு வரும். தேவையற்ற அடர்த்தி துல்லியத்தைக் கெடுக்கும் இன்னொரு வழி இது.

புள்ளிகளைக் குறைப்பதற்கு நம்பத்தகுந்த முறைகள் வெகுகாலமாக இருக்கின்றன. முக்கோண வலையில் பெயர் பெற்ற அதே பாய்க்கர், 1973இல் டேவிட் டக்ளஸோடு சேர்ந்து, கோட்டின் வடிவம் குறித்த எல்லைக்கு மேல் மாறாமல் அதன் முனைகளைக் குறைக்கும் முறையைத் தந்தார். 1995இல் மைக்கேல் கார்லண்டும் பால் ஹெக்பெர்ட்டும் நிலப்பரப்புக்கு ஒரு பேராசை முறையை விவரித்தார்கள்: இரண்டே முக்கோணங்களோடு தொடங்கு, மூலத் தரவிலிருந்து மாதிரி எங்கே மிக அதிகமாக விலகுகிறதோ அந்தப் புள்ளியைச் சேர், விலகல் நாம் வைத்த எல்லைக்குள் வரும்வரை இதையே திரும்பச் செய். சமதளத்தில் இந்த முறை ஒன்றிரண்டு புள்ளிகளோடு நின்றுவிடும், ஓடைக் கரையில் நெருக்கமாகச் சேர்க்கும். சதவீதம் சொல்லிக் குருட்டாம்போக்கில் குறைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே நாம் குறிப்பிடுவது எத்தனை புள்ளி என்பதை அன்று. எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை. கட்டடம் நிற்கும் இடத்தில் 2 சென்டிமீட்டர், மனையின் மற்றப் பகுதியில் 10, சுற்றுப்புறக் காட்சிக்கு ஒரு மீட்டர் என்று பிரித்து வைத்தால் பெரும்பாலான மாதிரிகள் சாதாரணக் கணினியிலேயே சுலபமாக ஓடும். அளவையின் பிழையைவிடச் சிறிய எல்லையைக் கேட்பதில் மட்டும் பொருளில்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, கணினிகள் ஆண்டுதோறும் வேகமாகின்றன, இந்தச் சிக்கனம் எதற்கு என்பது. இடைவெளியைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. அளவைக் கருவிகளும் ஆண்டுதோறும் கூடுதலாகக் கொட்டுகின்றன. கணினி இந்தப் பந்தயத்தில் வென்றாலும், மேலே கண்ட மட்டக் குழப்பமோ செடிப் பரப்போ சரியாகிவிடாது. இரண்டாவது, புள்ளிகளை எறிந்துவிட்டால் நாளை தேவைப்படும்போது என்ன செய்வது என்பது. நியாயமான அச்சம். ஆனால் யாரும் எதையும் எறியச் சொல்லவில்லை. மூல அளவைக் கோப்பு அப்படியே பாதுகாப்பாக இருக்க வேண்டும். வடிவமைப்புக்குப் பயன்படும் மாதிரி, ஒரு நோக்கத்துக்காக அதிலிருந்து எடுத்த படி மட்டுமே. வடிகாலுக்கு ஒரு படி, அஸ்திவாரத்துக்கு ஒரு படி, காட்சிக்கு ஒரு படி என்று எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். மூன்றாவது மறுப்பு வலுவானது: முறிகோடுகளை மனிதர் தேர்ந்தெடுக்கிறார், மனிதர் தவறவிடுவார், ட்ரோனும் லைடாரும் பாரபட்சமின்றி எல்லாவற்றையும் பதிகின்றன. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சர்வேயர் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு மண்மேட்டை அடர்ந்த புள்ளித்திரள் காட்டிக்கொடுக்கும். ஆகவே புள்ளித்திரளின் சரியான வேலை, மாதிரியாக மாறுவது அன்று. மாதிரியைத் தணிக்கை செய்வது. கவனமாகச் செய்த இலேசான மாதிரிக்கும் திரளுக்கும் உள்ள விலகலை நிறத்தால் காட்டினால், விட்டுப்போன ஓரங்கள் சிவந்து நிற்கும்; அங்கே மட்டும் முறிகோடு சேர்த்தால் போதும்.

தரவின் பிழையைத் தனியாகச் சோதித்துச் சொல்லும் நேர்மையை நில அளவைத் துறை ஏற்கெனவே வழக்கமாக்கியிருக்கிறது. அமெரிக்க ஒளிப்பட அளவை, தொலையுணர்வுச் சங்கத்தின் 2023ஆம் ஆண்டு தரம், வரைபடத் தரவின் துல்லியத்தைச் சோதிக்க அந்தத் தரவை உருவாக்கப் பயன்படாத 30 தனிப் புள்ளிகளாவது வேண்டும் என்கிறது. கட்டடத் துறையில் நில மாதிரி கைமாறும்போது அப்படிச் சோதித்த முடிவைச் சொல்லும் சீட்டு கூடவே வருவது அரிது. கோப்பின் அளவைப் பார்த்தே அதன் தரத்தை எடைபோடுகிறோம். இதை மாற்றுவதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். வீடு கட்டுபவராயினும் கட்டடக் கலைஞராயினும் நில மாதிரியைப் பெறும்போது நான்கு கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள்: எந்தக் கருவியால், எந்த நாளில் அளந்தது? உயரம் எந்தப் பென்ச்மார்க்கிலிருந்து? சுவர், வாய்க்கால், சாலை ஓரங்களுக்கு முறிகோடுகள் உண்டா? தனியாக அளந்து சரிபார்த்த புள்ளிகளில் விலகல் எவ்வளவு? இந்த நான்குக்கும் விடையுள்ள ஐந்நூறு புள்ளி மாதிரியை நம்பி அஸ்திவாரம் தோண்டலாம். விடை இல்லாத ஐம்பது லட்சம் புள்ளிகளை நம்பி ஒரு கடப்பாரையைக்கூட மண்ணில் இறக்க வேண்டாம்.